கண்மேல் கவிழ்த்த சட்டி

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. மற்ற இரண்டும் என் தங்கையின் பிள்ளைகள். ஐந்து பேரையும் ஆளாக்கிவிட்டுத்தான் இந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குத் துப்புரவு வேலைக்கு வந்தேன். போன வருடம் வேலையை விட்டேன். நானாகத்தான் விட்டேன், விலக்கினார்கள் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். மாடிப்படி இனி முடியாது என்று முழங்கால் சொல்லிவிட்டது, அவ்வளவுதான்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, மொட்டைமாடிக் கதவின் திறப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறார்களாம். அந்தத் திறப்பு என் இடுப்பில் தொங்கியது. ஆகவே எனக்குச் சொல்ல உரிமை உண்டு. எந்தத் துணியால் துடைப்பது, எப்போது துடைப்பது என்பதையெல்லாம் கொம்பியூட்டர் தம்பி காட்டித் தருவான். நான் சொல்ல வந்தது அதுவல்ல. நான் சொல்ல வந்தது பயத்தைப் பற்றி.

நான் பிறந்தது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். யுத்தப் பிரச்சினைக் காலத்தில் பிள்ளைகளைத் தோணியில் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவள். இது எழுவான்கரை. சூரியன் எழுவது எங்கள் பக்கம், படுவது அவர்கள் பக்கம். பின்னேரமானால் சூரியன் எதிர்க்கரைக்கு மேலே இறங்கும். அப்போது வாவியைப் பார்த்து நிற்கும் வீடுகளுக்கு இரண்டு சூரியன். ஒன்று வானத்தில், ஒன்று தண்ணீரில். அந்த இரண்டு வெயிலுக்கும் நேர் எதிரே, மேல்மாடியில், மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைகளை வைக்கும் அறையைக் கட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் போட்ட காசு. பிள்ளைப்பேற்று மனைக்கு வெளிச்சம் நல்லது என்று சுவர் வைக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கண்ணாடி வைத்தார்கள். கண்ணாடி வைத்ததால் திரை வந்தது. திரை வந்ததால் கண் வந்தது.

கண் என்று நாங்கள்தான் பெயர் வைத்தோம். மொட்டைமாடி நடுவில் ஒரு தூண், அதன் தலையில் தேங்காய்ப் பாதி அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ், அதற்குள் ஒரு கமரா. பகல் முழுக்க அது வானத்தைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். மேகம் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் போகிறது, சூரியனை எப்போது மறைக்கும், எப்போது விடும் என்று கீழே இருக்கும் கொம்பியூட்டர் கணக்குப் பார்க்கும். வெயில் வரப்போகிறது என்றால் வருவதற்கு முன்பே திரையை இறக்கும். மப்பு என்றால் திரையை ஏற்றி வெளிச்சத்தை உள்ளே விடும், போதாவிட்டால் விளக்கையும் போடும். ஒருவரும் எழுந்து போய் ஒரு கயிற்றை இழுக்க வேண்டியதில்லை.

வயது போன பெண், வானத்தைப் பார்த்தே மழை சொல்லுவாள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வரும் என்று சொன்ன மழை ஒரு நாளும் வந்ததில்லை. நான் நெல் காயப்போட்ட நாளெல்லாம் நனைந்தது. அந்தக் கண் என்னைவிட எவ்வளவோ கெட்டிக்காரக் கண். ஆனால் அதன் முகத்தைக் கழுவி விடுகிறவள் நான். அதனால் அதன் குணம் எனக்குத் தெரியும்.

வேலைக்கு வந்த புதிதில் அந்தத் திரைகளைக் கண்டு நடுங்கினேன். என் வயதில் உள்ளவர்களிடம் கேளுங்கள். யன்னலில் ஒரு சீலை தானாக அசைந்தால் அதற்குப் பின்னால் ஒருவன் நிற்கிறான் என்றுதான் எங்கள் உடம்பு படித்திருக்கிறது. முதல் நாள் நான் குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்தபோது ‘உர்ர்’ என்று ஒரு சத்தத்தோடு திரை முழுக்க இறங்கியது. வாளியை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அந்த அறையின் தாதிகளுக்குப் பொறுப்பான பெரிய மிஸ்ஸி, காத்தான்குடிக்காரி, கண்ணாடிப் பெட்டியில் கிடந்த பிள்ளைக்கு மருந்து ஏற்றியபடியே திரும்பிப் பார்த்தா.

“என்னக்கா, பேயக் கண்டீங்களா?”

“பேய் எண்டாப் பறவாயில்ல மிஸ்ஸி. பேய்க்கு விபூதி இருக்கு. இதுக்கு என்னத்தப் பூசுற?”

விழுந்து விழுந்து சிரித்தா. பிறகு சொன்னா, “பயப்படுங்க. நல்லம். பயப்படுறவ ரெண்டு தரம் பார்ப்பா. பயப்படாதவ ஒரு தரமும் பாக்கமாட்டா.”

அந்த மனுசியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பெயர் சொன்னால் அவவுக்குப் பிடிக்காது. எனக்கு வேலை படிப்பித்தது அவதான், கொம்பியூட்டரும் இல்லை, முதலாளியும் இல்லை.

கண்ணின் குணம் எனக்கு விளங்கியது ஒரு காகத்தால். ஒரு கிழமை முழுக்க நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். திரும்பி வந்தால் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான்.

“அம்மா, வானத்தில ஒரு மேகம் அசையாம நிக்குது. காத்து அடிக்குது, மற்ற மேகமெல்லாம் ஓடுது, இது மட்டும் ஓடுதில்ல.”

மேலே போய்ப் பார்த்தேன். குமிழில் காகம் எச்சம் போட்டிருந்தது. துடைத்துவிட்டு இறங்கி வந்து, “மனே, உன்ட மேகத்தக் கழுவிப்போட்டன்” என்றேன். அன்று முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு படுக்கையில் ஒரு யோசனை வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. அந்தக் கண் பொய் சொல்லாது, சரி. ஆனால் தன் மேல் என்ன கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. மேலே கிடப்பதையும் வானம் என்றுதான் நினைக்கும்.

இந்த யோசனையை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

கட்டடத்தின் முதுகுப் பக்கம் ஓர் ஒழுங்கை, குறுகலான தெரு. அந்த ஒழுங்கையில் கிணறு இல்லாத வீடு கிடையாது. எந்த வீடு என்று தேட வேண்டாம். கிணற்றடி வீட்டுக்காரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய மகளுக்கு எங்கள் மனையில்தான் பிள்ளை பிறந்தது. மாதம் நிறையாத பெண் பிள்ளை. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும். தாயை வீட்டுக்கு விட்டார்கள், பிள்ளையை விடவில்லை. மேல்மாடி அறையில், யன்னலோரக் கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு கிடந்தது. தாய் நேரத்துக்கு நேரம் ஒழுங்கையால் நடந்து வந்து பால் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

ஒரு நாள் கிணற்றடி வீட்டுக்காரி என்னை வாசலில் மறித்தாள்.

“அக்கா, உங்கட மாடியில இருக்கிற கண் எங்கட கிணத்தடியப் பாக்குதாமே?”

“அது வானத்தப் பாக்கிற கண் கா. உன்னப் பாத்து அதுக்கு என்ன கிடைக்கப்போகுது?”

“என்னப் பாக்க ஒருத்தனும் வரமாட்டான் எண்டு எனக்கும் தெரியும். என்ட மகள் கா. பச்ச உடம்புக்காரி. நாளைக்கு இல அவிச்சு வேதுத் தண்ணி வாக்கணும். தென்னங்கிடுகு கட்டி மறைச்சுத்தான் இருக்கு. மேல இருந்து பாத்தா கிடுகு என்னத்துக்கு?”

“சனிக்கிழம தம்பி வருவான். உனக்கு அந்தப் படத்தக் காட்டச் சொல்லுறன்.”

“சனிக்கிழம மட்டும் புள்ள குளிக்காம இருக்கிறதா? ஒரு துணியப் போட்டுக் கொஞ்ச நேரம் மூடு கா.”

“மாட்டன். எனக்குத் துடைக்கத்தான் சொல்லிக் கிடக்கு. மூடச் சொல்லல்ல.”

“ஓ! திறப்ப இடுப்பில கட்டினவுடன அரசாங்கக் கச்சேரித் துர மாதிரிக் கதைக்கிறாய்!”

முகத்தை வெட்டிக்கொண்டு போனாள். அவளைக் குறை சொல்லாதீர்கள். குளிக்கிற பெண்ணின் படம் ஒன்று கைக்குக் கை போனால் அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒழுங்கைக்கு மேலே கமரா வைத்தார்கள், ஒழுங்கையில் இருந்த ஒருத்தியையும் கூப்பிட்டு இது இன்னது என்று சொல்லவில்லை. சனிக்கிழமை சொல்லலாம் என்று இருந்தோம். பயத்துக்குத் தவணை கொடுக்க முடியாது பிள்ளைகளே. அது சனிக்கிழமை வரைக்கும் பொறுக்காது.

மறுநாள் பின்னேரம். மேகம் ஒன்றும் இல்லை. வாவி தகடு மாதிரிப் பளபளத்தது. அறையில் பெரிய மிஸ்ஸி, நான், உன்னிச்சைப் பக்கமிருந்து வந்த ஒரு தாய், இவ்வளவுபேர்தான். அந்தத் தாயின் பிள்ளை உள்சுவரோரப் பெட்டியில் இருந்தது. திரைகள் இறங்கி, அறை கோயில் மூலஸ்தானம் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.

முதலில் விளக்கு எரிந்தது. எல்லா விளக்கும் ஒரேயடியாக. பகல் வெயிலில் விளக்கு எதற்கு என்று நான் நிமிர்ந்தேன். அதற்குள் அந்த ‘உர்ர்’. திரைகள் ஏறின. ஏற ஏற வெயில் தரையில் நீண்டு வந்தது. கட்டிலின் காலைத் தொட்டது, மேசையைத் தொட்டது, யன்னலோரப் பெட்டியின் மேல் ஏறியது. தண்ணீரில் இருந்து வந்த இரண்டாவது வெயில் முகட்டில் பட்டு ஆடியது.

மிஸ்ஸி சொன்னா, “அக்கா, திரைய இறக்குங்க.”

சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினேன். இறங்கியது. மூச்சு விட்டேன். மறுபடியும் ‘உர்ர்’. ஏறியது. திரும்ப அழுத்தினேன். பாதி இறங்கி, நின்று, யாரோ மேலே இருந்து இழுப்பதுபோல ஏறியது. மூன்றாம் முறை பொத்தான் கேட்கவே இல்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்தைச் சொல்ல வார்த்தை கிடையாது. எங்களைவிடப் பலமான ஒன்று அந்த அறையில் இருந்தது. அதற்கு எங்கள் மேல் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. இருட்டிவிட்டது என்று நினைத்து எங்களுக்கு நல்லது செய்துகொண்டிருந்தது.

பெட்டி கத்தத் தொடங்கியது. உள்ளே சூடு கூடினால் அது கத்தும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் ஏறியிருப்பீர்கள்தானே? அந்தப் பெட்டியும் கண்ணாடிதான். மிஸ்ஸி சக்கரத்தைத் தட்டிவிட்டு இழுத்தா. ஒக்சிசன் குழாய் சுவரில் இருந்து எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம்தான் வந்தது. வெயில் அதையும் தாண்டி நீண்டு கிடந்தது. பெட்டிக் கதவைத் திறந்தா. பிள்ளையின் உடுப்பைக் கழற்றினா. பிள்ளை சிவந்து கிடந்தது. கை கால் அசைத்துக்கொண்டிருந்தது, பிறகு அசைக்கவில்லை.

“அக்கா, வெயில நிப்பாட்டுங்க. எனக்கு வேற ஒண்டும் வேணாம். வெயில நிப்பாட்டித் தாங்க.”

குரல் உயரவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பயம் கூடியது.

கட்டில் விரிப்பை உருவினேன். உன்னிச்சைத் தாயைக் கதிரையில் ஏற்றி, “இதப் பிடிச்சுக்கொண்டு நில்லு மகள். கை உளைஞ்சாலும் விடாத” என்றேன். மேலே ஒரு போர்வையையும் போட்டுக் கொடுத்தேன். அவள் கை இரண்டையும் விரித்துக்கொண்டு வயலில் வெருளி நிற்கிற மாதிரி நின்றாள். தன் பிள்ளை நிழலில் இருந்தது, மற்றவளின் பிள்ளைக்காக நின்றாள். ஆனால் யன்னல் பெரியது, சீலை சின்னது. மறைத்தது பாதி, மறையாதது பாதி.

வெளியே ஓடி வந்து தம்பிக்கு ஃபோன் எடுத்தேன். எனக்குப் பெயர் வாசிக்க வராது. பேத்தி ஒவ்வொருவருக்கும் ஒரு படம் போட்டுத் தந்திருக்கிறாள், தம்பிக்குக் கமராப் படம். அவன் மட்டக்களப்பு டவுனில் நின்றான். விசயத்தைச் சொன்னதும் பதறிப்போனான்.

“அம்மா, மெயின் போட்டுக்குப் போங்க. திரைக்கு வாற லைனை ஓஃப் பண்ணுங்க. மூணாவது சுவிட்ச்.”

சுவரில் இருந்த சுவிட்ச் போட்டைத் திறந்தேன். இரண்டு வரிசையில் சுவிட்சுகள். ஒவ்வொன்றின் கீழும் இங்கிலிசில் ஏதோ எழுத்து.

“எந்த வரிசை மனே?”

“மேல் வரிசை. இல்ல, பொறுங்க, போன மாசம் ஆக்கள் வந்து மாத்தினவங்க... மேல்தான். இடப்பக்கம் இருந்து மூணாவது.”

“புள்ளைகளிட பெட்டிக்கு வாற கரண்டும் இதுக்குள்ளயா?”

“ஓம்மா, ஆனா அது வேற. நீங்க மூணாவதத் தொடுங்க. கெதியா!”

கையை நீட்டினேன். விரல் சுவிட்சில் பட்டது. உள்ளே பெட்டி கத்துகிறது. ஃபோனில் தம்பி கத்துகிறான். அந்த நேரத்தில் ஒரு மனிதர் எதையாவது செய்துவிட வேண்டும் என்றுதான் நினைப்பார். எதையாவது செய்தால் பயம் குறையும், அதற்காகவே செய்வோம். நான் கையை எடுத்தேன். அவன் ‘இல்ல, பொறுங்க’ என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. சொல்கிறவன் பார்க்கவில்லை. பார்க்கிறவளுக்கு வாசிக்கத் தெரியாது. இரண்டு குருடும் சேர்ந்து ஒரு சுவிட்சை அணைத்து, அது பிள்ளைகளின் மூச்சாக இருந்துவிட்டால்?

“மனே, எனக்கு எழுத்துத் தெரியாது. நான் தொடமாட்டன். நீ வா.”

“அம்மா!” என்று அவன் அலறியது கேட்டது. ஃபோனை இடுப்பில் செருகினேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அந்தக் கண்ணின் குணம். வெளியில் இவ்வளவு வெயில் இருக்க அது இருட்டு என்று சொல்கிறது என்றால், வானத்தில் ஒன்றும் இல்லை. அதன் முகத்தில் என்னவோ இருக்கிறது. திறப்பை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். இந்த முழங்காலோடு எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள்.

மாடியில் கண் இல்லை. கண் இருந்த இடத்தில் ஒரு மண்சட்டி கவிழ்ந்து கிடந்தது. அடிக்கரி மேலே தெரிய, அளவெடுத்துச் செய்த தொப்பி மாதிரி. பக்கத்தில் சுவருக்கு வெளியே, தண்ணீர்த் தாங்கிக்குப் போகிற கம்பி ஏணி. அதன் வழியாகக் கிணற்றடி வீட்டுக்காரி சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறாள்! ஐம்பது வயது தாண்டிய மனுசி, கீழே பார்த்தால் எனக்குத் தலை சுற்றும் உயரம். அவளுக்குள் எவ்வளவு பயம் இருந்திருந்தால் அந்த ஏணியில் ஏறியிருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள்.

சட்டி வெயிலில் கொதித்தது. முந்தானையால் பிடித்துத் தூக்கினேன். குமிழில் சூரியன் விழுந்தது. காத்து நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. கடவுளே, கண் செத்துவிட்டதா? பிறகு, காலுக்குக் கீழே, கொங்கிறீற்றுக்குள்ளால் அந்த ‘உர்ர்’ வந்தது. திரை இறங்கும் சத்தம். வாழ்க்கையில் நான் கேட்ட எந்தப் பாட்டும் அதற்கு ஈடில்லை.

அதே நேரம் கீழே ஒழுங்கைப் பக்கமிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்டது. “கண்ண மூடு புள்ள, சுடும்.” விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கட்டடத்தின் நிழல் கிணற்றடியில் விழுந்திருந்தது. கிடுகு மறைப்புக்குள்ளே இருந்து அவள் அண்ணாந்தாள். கையில் சட்டியோடு நான் நிற்பதைக் கண்டாள்.

“அடியேய்! அத ஏன் கா எடுத்தாய்? என்ட புள்ள குளிக்கிறாள்! மூடு கா!”

அவள் கையில் வாளி. பக்கத்தில் ஈரச் சீலையோடு மகள். மேலே அந்த மகளின் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. வாய்வரை வந்தது. ‘உன்ட பேத்தியக் கொல்லப் பாத்தியே’ என்று கத்தியிருந்தால் அந்தக் கோபத்துக்கு நல்லாய்த்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பெண் ஈர உடம்போடு, தையல் காயாத உடம்போடு, படியில் ஓடி வருவாள். வந்து என்ன செய்வாள்? மிஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அந்தக் கைக்கு அப்போது வேறு வேலை இருந்தது.

“குளிப்பாட்டி முடி கா,” என்றேன். “ஆறுதலா வாத்து முடி. சட்டிய நான் கொண்டாறன்.”

நான் மறுபக்கம் திரும்பி நின்றேன், அவளுக்கு மானம் கொடுக்கிற மாதிரி. உண்மையில் என் முகத்தை அவள் பார்க்கக்கூடாது என்றுதான் திரும்பினேன்.

இறங்கி வந்தால் அறை மறுபடி நிழலாய் இருந்தது. பெட்டியின் கத்தல் நின்றிருந்தது. உன்னிச்சைத் தாய் இன்னும் சீலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள், இறங்கச் சொல்ல ஒருவருக்கும் நினைவு வரவில்லை. டொக்டர் வந்திருந்தார். மிஸ்ஸியின் இரண்டு விரல் பிள்ளையின் நெஞ்சில் இருந்தது. பிள்ளை துவண்ட வெற்றிலை மாதிரிக் கிடந்தது. நான் சட்டியோடு மூலையில் உட்கார்ந்தேன்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வெயில் சரிந்தது. தலை துவட்டி, சாம்பிராணி மணக்க, தாய் பால் கொடுக்க வந்துவிட்டாள். பின்னால் கிணற்றடி வீட்டுக்காரி, என்னோடு சண்டை போட ஆயத்தமாக. மிஸ்ஸி கதவுக்கு வெளியே வந்து சிரித்த முகத்தோடு சொன்னா, “இப்ப புள்ளைக்கு மருந்து நேரம் மகள். டொக்டர் பாக்கிறார். அந்தக் கதிரையில இருங்க, நான் கூப்பிடுறன்.” அந்தச் சிரிப்பை எங்கே வைத்திருந்தாவோ. கதவை மூடியதும் சுவரில் சாய்ந்துகொண்டா. உதடு அசைந்தது, குர்ஆன் ஓதினா. நான் எனக்குத் தெரிந்த அம்மன்களை எல்லாம் கூப்பிட்டேன். இரண்டு பேரும் அவரவர் மொழியில் ஒரே ஆளிடம் கேட்டிருப்போம் என்று நினைக்கிறேன்.

பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். முதலில் ஒன்று. ஒரு இடைவெளி. மறுகா இன்னொன்று. மறுகா கோபமாக, இடைவிடாமல். கதவுக்கு வெளியே இருந்த தாய் சொன்னாள், “அம்மா, அது என்ட புள்ளையிட குரல். பசியில கத்துறாள்.”

மிஸ்ஸி தரையில் உட்கார்ந்துவிட்டா.

மாலைப்பட்டதும் தம்பி வந்து சேர்ந்தான். நேரே போட்டைத் திறந்து பார்த்தான். பார்த்தபடியே நின்றான். என்ன கண்டான் என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த நாள் பிள்ளைகளின் பெட்டிக்குரிய சுவிட்சில் எல்லாம் சிவப்பு நாடா ஒட்டியிருந்தது. நீங்கள் பார்க்கிற அந்த நாடா அப்படி வந்ததுதான். அதைப் பிய்க்க வேண்டாம்.

மகள் பிள்ளையோடு உள்ளே இருந்த நேரம் கிணற்றடி வீட்டுக்காரியைக் கீழே கூட்டிப் போனேன். சனிக்கிழமை வரட்டும் என்று இருந்த அந்தப் படத்தை இப்போதே காட்டு என்று தம்பியிடம் சொன்னேன். கொம்பியூட்டர் திரையில் வட்டமாக ஒரு வானம். ஓரத்தில் சுற்றிவரத் தென்னை வட்டுகள், இமைமயிர் மாதிரி.

“கிணறு எங்க மனே?”

“கிணறு இல்லம்மா. இது மேலதான் பாக்கும். குனிஞ்சு பாக்க இதுக்குக் கழுத்து இல்ல.”

அவள் நம்பவில்லை. ஒவ்வொரு படமாகக் காட்டச் சொன்னாள். காலைப் படத்தில் வானம் முழுக்க என் முகம், இரண்டு மூக்குத் துவாரமும் சுரங்கம் மாதிரி. ஒவ்வொரு காலையும் அப்படித்தான் இருந்ததாம்.

“ஐயோ அக்கா! எங்கட கிணத்தடிய இல்ல, உன்ட மூக்கையெல்லோ படம் பிடிச்சிருக்கிறாங்க!”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பகல் படங்கள் போயின. ஒரு கை வந்தது. ஒரு முகம் வந்தது. கரி பிடித்த சட்டியின் வாய் வந்தது. பிறகு இருட்டு. இருட்டு. இருட்டு.

“அந்த நேரம் கண்ணுக்கு இருட்டிப்போச்சும்மா,” என்றான் தம்பி மெதுவாக. “மழை மப்பு எண்டு நினைச்சுத் திரைய ஏத்திப்போட்டுது.”

“எந்த அறைத் திரைய?”

அவள் என் கையில் இருந்த சட்டியைப் பார்த்தாள். மேல்மாடிப் பக்கம் பார்த்தாள்.

“நானா கா?”

“புள்ள அழுதிட்டுது கா. பால் குடிக்குது. முதல்ல அத நினை.”

“மகளுக்குச் சொல்லிப்போடாத. என்னப் பொலிசுக்குக் குடு. மகளுக்கு மட்டும் சொல்லிப்போடாத.”

மறுநாள் பொறுப்பாளர் ஐயா என்னைக் கூப்பிட்டார். சட்டி வைத்தது யார் என்று கேட்டார். எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன் என்றேன். வேலை போகலாம் என்றார். நான் திறப்பை அவிழ்த்து மேசையில் வைத்தேன். “ஒழுங்கையில பொம்பிளைகள் இருக்கிறாங்க எண்டு தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லாமக் கண் வச்சது யார் எண்டு நீங்க சொல்லுங்க ஐயா. மறுகா நான் சொல்லுறன்.” அவர் திறப்பை என் பக்கம் தள்ளிவிட்டார். அவரும் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் இரவெல்லாம் நித்திரை இருந்திருக்காது. தம்பி அந்தப் படங்களை என்ன செய்தான் என்று தெரியாது. அதற்குப் பிறகு ஒருவரும் அவற்றைக் காணவில்லை.

இப்போது கண் சட்டென்று இருண்டால் திரை அசையாது. மணி அடிக்கும். அந்த மணி உங்களுக்குத்தான். மூடிய கண், ‘என்னை மூடிவிட்டார்கள்’ என்று சொல்லாது. ‘இருட்டிவிட்டது’ என்றுதான் சொல்லும். அது மனிதருக்கும் பொருந்தும். மணி கேட்டால் முதலில் பிள்ளையைப் பாருங்கள், பிறகு வெயிலைப் பாருங்கள், பிறகு மாடிக்கு ஏறுங்கள். வாசிக்கத் தெரியாத சுவிட்சைத் தொடாதீர்கள், யார் கத்தினாலும். ஒழுங்கைக்குப் புதிதாக யாராவது குடிவந்தால் கூட்டி வந்து அந்த வட்டமான வானத்தைக் காட்டுங்கள். உங்கள் மூக்கையும் காட்டுங்கள், சிரிக்கட்டும்.

எனக்கு இன்றைக்கும் அந்தப் பயம் போகவில்லை. எங்கேயாவது ஒரு மோட்டர் ‘உர்ர்’ என்றால் கை தானாக இடுப்பில் திறப்பைத் தேடும். போகட்டும் என்று நான் கேட்டதும் இல்லை. அந்தப் பயத்தைத்தான் உங்களுக்குத் தந்துவிட்டுப் போகிறேன்.

அந்தப் பிள்ளை ஒழுங்கையில் ஓடி விளையாடுகிறது. தாய்க்கு இன்னும் தெரியாது. இனியும் தெரியக்கூடாது.

“மகள், எழுதினது போதும். இப்ப முதல்ல இருந்து வாசி. நான் சொல்லச் சொல்ல வாய் தவறி அந்தக் கிணத்தடி வீட்டுக்காரியிட பேர் எங்கயாவது விழுந்திருக்கும். நீ எழுதியிருந்தாலும் எனக்குத் தெரியாது, எனக்கு எழுத்தெல்லாம் கறுப்புத்தான். ஆறுதலா வாசி. பேர் வந்தா நிப்பாட்டு.”